அம்மாவின் ஐ.என்.ஆர் நோட்டு

பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலது கை, கால் விழுந்து பேச்சும் நின்றுபோனதற்குக் காரணம் இதயத்தில் இருந்தது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. வருடங்கள் போகப்போக இதயத் துடிப்பும் தாறுமாறாகி, மேலறையில் தேங்கிய ரத்தம் கட்டியாகி, மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டது. "ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைதான் இனி இவங்களைக் காப்பாத்தும். அளவு தப்பினா அதுவே ஆபத்து. வீட்டுல ஒரே ஆள் பொறுப்பா பாருங்க" என்று டாக்டர் சொன்னார். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

மாத்திரையை உடனே கொடுக்கவில்லை. அடைப்பு வந்த இடத்தில் ரத்தம் கசிய வாய்ப்பிருப்பதால், சுமார் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி ஸ்கேன் பார்த்த பிறகுதான் அசிட்ரோம் என்ற அந்த மாத்திரையைத் தொடங்கினார்கள். அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் இருக்கிறதே என்று கேட்டேன். வால்வு இந்த அளவு சுருங்கியவர்களுக்குப் பழைய வகைதான் சரி என்றார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் என்ற எண் 2-லிருந்து 3-க்குள் நிற்க வேண்டும்: குறைந்தால் மறுபடி கட்டி, கூடினால் ரத்தக்கசிவு.

வீட்டுக்கு வரும்போது மூக்கில் டியூப் இருந்தது. மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து விடச் சொன்னார்கள். ஆனால் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் அட்டையில் 'எக்ஸ்.எல்' என்று போட்டிருந்தது. அது மெதுவாகக் கரைவதற்காகச் செய்த மாத்திரை, பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து மொத்தமாக உள்ளே இறங்கிவிடும். போனில் கேட்டதும், டியூப் இருக்கும் வரை சாதாரண மாத்திரையாக இரண்டு வேளைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டிலும் டியூப் வழியாக மருந்து போகிறது என்றால், எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுங்கள்.

டியூப் எடுத்த பிறகு புறையேறுவதுதான் பெரிய பயம். நெஞ்சுக்குள் போனால் நிமோனியா ஆகிவிடும். தண்ணீரைவிடக் கெட்டியான கூழ்தான் பத்திரமாக இறங்கியது. நிமிர்ந்து உட்காரவைத்து, தலையை லேசாகக் குனியச் சொல்லி, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டதும் படுக்கவிடுவதில்லை. வெறும் தண்ணீரைக் கடைசியாகத்தான் அனுமதித்தார்கள்.

அசிட்ரோம் அளவு ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 என்று மாறி மாறி வரும். தினசரி காலண்டர் தாளிலேயே அன்றைய அளவை முன்கூட்டி எழுதிவைத்தேன். சாயங்காலம் மாத்திரை கொடுத்த பிறகுதான் தாளைக் கிழிப்பது. கொடுத்தோமா இல்லையா என்ற குழப்பமே வரவில்லை. பரிசோதனை முடிவுகள் தனி நோட்டில்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "கீரையே ஆகாது" என்றார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்தின் வேகத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று போகாமல், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார். அம்மாவுக்கு அதில் பெரிய நிம்மதி.

உண்மையான ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. சிறுநீர்த் தொற்றுக்கு உள்ளூர் கிளினிக் ஒன்றில் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்கள். வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சில நாளில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், முன்னங்கையில் அடிபடாமலே நீலத் தழும்பு. அன்றே ரத்தம் கொடுத்துப் பார்த்தால், அந்த ஆன்டிபயாடிக் அசிட்ரோமின் வேகத்தைக் கூட்டி, ஐ.என்.ஆர் 6-ஐத் தாண்டியிருந்தது. அசிட்ரோமை நிறுத்திவைத்து, ஆன்டிபயாடிக்கை மாற்றி, எண் இறங்கும் வரை கண்காணித்தார்கள். தலைவலியோ வாந்தியோ கருப்பாக மலமோ வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னார்கள். தெய்வாதீனமாக எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து புது மருந்து எது தொடங்கினாலும் சில நாளில் ஐ.என்.ஆர் பார்க்கிறோம்.

தோள்வலியும் இதோடு சேர்ந்ததுதான். விழுந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும் என்பது பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிவதில்லை. பாசத்தில் கையைப் பிடித்து எழுப்புவார்கள். வலி வந்தால் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கித் தர நாலு பேர் தயார். ரத்தம் உறையாத மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பாராசிட்டமால் மட்டுமே கொடுத்தோம், அதையும் டாக்டர் சொன்ன அளவில். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ செய்ய வீட்டுக்கே வந்த பெண், கையைத் தலையணையில் தாங்கிவைக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார். மாத்திரையைவிட அதுதான் வலியைக் குறைத்தது.

சில மாதம் கழித்து வலிப்பு வந்தது. அசிட்ரோமோடு மோதாது என்று லெவெடிராசெட்டம் கொடுத்தார்கள். அதன் பிறகு அம்மா எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், அழுதார். பக்கவாதத்தின் துக்கம் என்று எல்லோரும் சொன்னாலும், நோட்டில் தேதியைப் பார்த்தபோது மாத்திரை தொடங்கிய வாரமே இதுவும் தொடங்கியிருந்தது. காட்டினேன். அளவைக் குறைத்தார்கள், கோபம் தணிந்தது.

இப்போது ஒரு கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டியிருக்கிறது. "மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, முந்தின நாள் ஐ.என்.ஆர் பார்த்துட்டுப் போங்க" என்று இதய டாக்டர் சொல்லியிருக்கிறார். பல் டாக்டருக்குக் காட்ட நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.