நீக்கிய பின்னும் மிஞ்சியவை

ஐப்பசி முகூர்த்தங்களின் ஆல்ப வேலை வீட்டில் குவிந்திருந்த ஒரு வாரத்தில், முகப்படங்களைச் சீர்செய்ய நான் நம்பியிருந்த மென்பொருள், திறந்த மறுகணமே தானாக மூடிக்கொள்ளத் தொடங்கியது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஃபோட்டோஷாப்புக்குள் இணைந்து இயங்கும் அதன் துணைநிரல், அதாவது பிளக்-இன், ஃபோட்டோஷாப்பின் ஃபில்டர் பட்டியலிலும் இருந்தது. அங்கிருந்து அழைத்தால் ஃபோட்டோஷாப்பையும் சேர்த்து மூடிவிட்டது.

ஸ்டுடியோவுக்காக வீட்டிலிருந்து படம் திருத்தும் எவரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கண்ட்ரோல் பேனலுக்குச் சென்று மென்பொருளை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, மீண்டும் நிறுவினேன். அதே கோளாறு. ஒரே மாலையில் இதை மூன்று முறை செய்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. கோளாறு எங்கே என்று ஒரு முறைகூடத் தேடவில்லை.

மறுநாள் காலையில்தான் நிதானம் வந்தது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஃபோட்டோஷாப்பைத் திறந்தால், வெளியார் பிளக்-இன்களை ஏற்றாமல் திறக்கட்டுமா என்று கேட்கும். அப்படித் திறந்தபோது அரைமணி நேரம் ஒரு தடங்கலும் இல்லை. ஆகவே ஃபோட்டோஷாப்பிடம் குறை இல்லை. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் பயன்பாடுகளுக்கான பதிவுகளைப் பார்த்தேன்; பழுதான பகுதி என்று ஒவ்வொரு முறையும் அந்த மென்பொருளின் கோப்பே குறிக்கப்பட்டிருந்தது. பிறகு, பெரிய நம்பிக்கை ஏதுமின்றி, கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதற்குள் சென்று மென்பொருளைத் திறந்தேன். எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. கணினியும் மென்பொருளும் நன்றாகவே இருக்க, என் கணக்கில் உள்ள ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

அன்இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் போவது புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் பகுதி மட்டும்தான். பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் இடத்தில் நம் விருப்ப அமைப்புகள் அப்படியே கிடக்கும். மறுபடி நிறுவும்போது புதிய பிரதி அந்தப் பழைய அமைப்புகளைத்தான் வாசிக்கும். மூன்று முறையும் நான் நல்ல மென்பொருளை நீக்கிவிட்டு, கெட்ட கோப்பை மட்டும் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருந்தேன்.

அந்தக் கோப்புறையை அழிக்கப் போன கை நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு திருமணப் பருவங்களாக நான் சேர்த்த பிரீசெட்டுகள், அதாவது ஒரே சொடுக்கில் பயன்படுத்தச் சேமித்துவைத்த திருத்த அளவுகள், அதற்குள்தான் இருந்தன. மென்பொருளோடு வரும் பிரீசெட்டுகள் நம் மாநிறத்தை வெளுக்கச் செய்துவிடும். நலங்கில் மஞ்சள் பூசிய முகத்தையோ நிறக்கோளாறு என்று எண்ணித் திருத்தப் பார்க்கும். வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் வியர்த்த நெற்றிக்கு ஒன்று, நலங்குக்கு ஒன்று, வயதானவர்களின் சுருக்கத்தைத் தொடாமல் பளபளப்பை மட்டும் குறைப்பதற்கு ஒன்று என நானே அமைத்தவை அவை. நீக்கும் நிரல் இந்தக் கோப்புறையை விட்டுச் செல்வதைக் குறை என்று திட்டியிருந்தேன். உண்மையில் அதுதான் என் உழைப்பைக் காப்பாற்றியிருந்தது. எனவே அழிக்காமல் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றினேன். மென்பொருள் புதிய கோப்புறை ஒன்றைத் தானே உருவாக்கிக்கொண்டு திறந்தது. பிரீசெட்டுகளை மட்டும் அதற்குள் நகலெடுத்து, ஆல்பத்தை முடித்துக் கொடுத்தேன்.

தை மாதத்தில் ஸ்டுடியோவில் புதுக் கணினி வாங்கியதும் மென்பொருளை அங்கே மாற்றவேண்டி வந்தது. இரண்டு கணினிகளுக்கான உரிமம் அது. இரண்டு இடமும் ஏற்கெனவே நிரம்பிவிட்டன என்று புதுக் கணினி மறுத்தது. உரிமத்தை விடுவிக்காமல் நான் நீக்கி நிறுவியதில் ஒன்று தனிக் கணினியாக எண்ணப்பட்டிருந்தது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று.

இம்முறை வரிசையாகச் செய்தேன். முதலில் பிரீசெட்டுகளைப் பென்டிரைவில் எடுத்தேன், அடுத்து மென்பொருளுக்குள்ளிருந்தே உரிமத்தை விடுவித்தேன், அதன்பிறகுதான் நீக்கினேன். அப்படியும் ஃபோட்டோஷாப்பின் பட்டியலில் அதன் பெயர் நின்றது, ஏனெனில் பிளக்-இன் கோப்பு காமன் ஃபைல்ஸுக்குள் அடோபி கோப்புறையில் தங்கியிருந்தது. அதைக் கையால் எடுத்தேன். விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் நகல் எடுத்துவைத்து, அந்த மென்பொருளின் பெயர் தாங்கிய பகுதியை மட்டும் நீக்கினேன். அதனோடு வந்த விஷுவல் சி++ தொகுப்புகளை, பல மென்பொருள்கள் இயங்கப் பொதுவாகத் தேவைப்படும் கோப்புகள் அவை, விட்டுவிட்டேன். வேறு எத்தனை மென்பொருள்கள் அவற்றை நம்பியிருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது.

பெயர் மாற்றி வைத்திருந்த பழைய கோப்புறையை அழிக்கும் முன் ஒரு முறை திறந்து பார்த்தேன். அமைப்புகளுக்கான கோப்பின் அளவு 0 கேபி என்றிருந்தது. கடைசியாக மாற்றப்பட்ட நேரம், அந்த ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் மின்சாரம் போன இரவு 9.40 மணி. மென்பொருள் அதை எழுதிக்கொண்டிருந்தபோதே கணினி அணைந்திருக்க வேண்டும். மேசைக்கு அடியில் யூ.பி.எஸ். இருக்கத்தான் செய்தது, அதன் பேட்டரி செத்து ஒரு வருடமாகியிருந்தது. அன்று மாலையே புதியது வாங்கிவந்தேன்.