வண்டி மாறுற இடத்துல ஊரு முளைக்கும்: ராம்நாடு கரையோரமா ஒரு சுத்து

ராம்நாட்டுல இருந்து கீழக்கரை பஸ் ஏறினா வழி நெடுக பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு நிறைய பேர் சொல்வாங்க. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவுல எங்கயாச்சும் கரிமூட்டம் புகையும். எனக்கு இந்தத் தட்டை நிலம்தான் பிடிக்கும், ஏன்னா காலேஜ்ல ஜியாகிரபி படிச்சப்போ மண்டையில ஏறாத வால்டர் கிறிஸ்டாலர் இங்க ஜன்னலோர சீட்ல உக்காந்தா தானா புரிஞ்சுரும். ஜெர்மன்காரர், 1933-ல தெற்கு ஜெர்மனி ஊர்களை வச்சு ஒரு கணக்கு போட்டார். நிலம் சமமா இருந்தா சின்னச் சின்ன ஊர் நெருக்கமா இருக்கும், பெரிய ஊர் தள்ளித் தள்ளி இருக்கும், காரணம் ரெண்டே ரெண்டு: ஒரு கடை பொழைக்கணும்னா குறைஞ்சது இத்தனை பேர் வந்தாகணும், ஒரு பொருளுக்காக ஒரு ஆளு இவ்ளோ தூரம்தான் போவான்.

உச்சிப்புளிக்காரருக்கு காய்ச்சல் மாத்திரை உள்ளூர் மெடிக்கல்லயே கிடைக்கும், ஸ்கேன் எடுக்க, கல்யாணப் பட்டு எடுக்க ராம்நாடு, நெஞ்சு ஆபரேஷன்னா மதுரை. கண்டக்டர் கிட்ட இதைப் பேசிட்டு வந்தா அவர் சிரிச்சுட்டே, "காலையில மதுரை பஸ்ல ஏறிப் பாருங்க சார், பாதிப் பேரு கையில ஆஸ்பத்திரி ஃபைலு"ங்குறார். அவ்ளோதான் தியரி. அதுவும் இங்க மழையை நம்பின விவசாயம், நெல்லு, முண்டு மிளகாய், கையில புழங்குற காசு கம்மி, அதனால ஒரு பெரிய கடைவீதி பொழைக்கவே ரொம்ப தூரத்து ஆளுங்க வந்தாகணும், சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல அவ்ளோ தூரம் வெறிச்சோடிக் கிடக்குறது அதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

ஆனா கீழக்கரை வந்ததும் கிறிஸ்டாலர் கணக்கு உதைக்குது. கடற்கரை ஊருக்கு சுத்துப்பட்டு கிராமம் பாதி வட்டம்தான், மீதி பாதி தண்ணி. அப்படிப் பார்த்தா இது ஒரு சின்ன சந்தை ஊராத்தான் இருந்திருக்கணும், இங்க என்னடான்னா ஆளு ரெண்டு பேர் இடிச்சுக்காம நடக்க முடியாத சந்துல மாளிகை மாளிகையா வீடு. மரைக்காயர்கள் முத்து, சங்குன்னு கடல் தாண்டி வியாபாரம் பண்ண ஊரு. தொதல்ங்குற இனிப்பு வாங்கின கடையில "இப்ப எப்படி காக்கா ஊரு?"ன்னு கேட்டேன் (இங்க அண்ணனை காக்கான்னுதான் கூப்பிடுவாங்க), "எங்க தெருவுல ஆம்பளைங்க பாதிப் பேரு சபர்லதான் தம்பி, நோன்புக்கு வந்தாத்தான் தெரு நிறையும்"னார். சபர்னா வெளிநாட்டுப் பொழப்பு. ஃபேக்டரி ஒண்ணும் இல்லாமயே ஊரு பெருக்குறதுக்கு இதான் ரகசியம், துபாய், மலேசியா, சென்னைன்னு தண்ணிக்கு அந்தப் பக்கமும் தள்ளியும் சம்பாதிச்ச காசு இங்க சுவரா எழும்புது.

பக்கத்துல பெரியபட்டினம், சீனாப் பீங்கான் ஓடு மண்ணுக்குள்ள கிடைச்ச ஊரு, ஒரு காலத்துல பெரிய துறைமுகம், இப்போ அமைதியான கிராமம். வைகை கடல்ல சேருற பக்கம் அழகன்குளம், ரோமானிய காசு கிடைச்ச இடம், அதுவும் அப்படித்தான்.

ராமேஸ்வரத்துல சிகாகோ மாடலை வச்சுப் பார்த்தேன், வேலைக்கு ஆகல. எர்னஸ்ட் பர்ஜெஸ் 1925-ல சொன்னது நடுவுல கடைவீதி, அதைச் சுத்தி ஏழைங்க, வெளிய போகப் போக வசதியானவங்கன்னு. இங்க நடுவுல கோயில், சுத்தி ரத வீதி, லாட்ஜ், மீனவர் குடியிருப்பு வளையமா இல்லாம கடலோரமா நீளுது, புது ஓட்டலெல்லாம் பாம்பன் போற ரோட்டை ஒட்டி நூல் பிடிச்ச மாதிரி போகுது. அங்க பார்க்கிங் இருக்கு, ரத வீதியில கார் நிறுத்த இடமில்ல, விஷயம் அவ்ளோதான்.

தனுஷ்கோடிக்கு வர்றேன், அதுக்காகத்தான் இவ்ளோ எழுதினேன். எல்லாரும் 1964 டிசம்பர் புயல்ல ஊரு அழிஞ்சுதுன்னு சொல்லிட்டு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுறாங்க. அந்த ஊரு எதுக்கு அங்க இருந்துச்சுன்னு யோசிங்க. வெறும் மணல் திட்டு, ரெண்டு பக்கமும் கடல், ஊரு உக்கார்ந்த மண்ணு மோசம், ஆனா சுத்தி என்ன இருக்குன்னு பார்த்தா அருமையான இடம், இலங்கையோட தலைமன்னார் எட்டிப் பிடிக்குற தூரம். 1914-ல பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் சென்னையில போட் மெயில் ரயில் ஏறுற பயணி தனுஷ்கோடியில இறங்கி இலங்கைக்குக் கப்பல் ஏறணும். ரயில்ல இருந்து கப்பலுக்கு ஆளும் சரக்கும் மாறுற அந்த இடைவெளியிலதான் ஸ்டேஷன், கஸ்டம்ஸ், போஸ்ட் ஆபீஸ், சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் முளைச்சுச்சு.

புயல்ல பாம்பன் பாலமும்தான் உடைஞ்சுது. அதை 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க, ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் பேரு வெளிய தெரிஞ்சதே அப்பதான். தனுஷ்கோடி லைனை மட்டும் யாரும் தொடல, கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாத்தினாங்க, அதுவும் எண்பதுகள்ல நின்னுபோச்சு. ரெண்டு லைன் பிரியுற ஜங்ஷனா இருந்த பாம்பனும் சின்ன ஸ்டேஷன் ஆயிருச்சு. புயல் அடிச்சது ஒரு ராத்திரி, ஆனா ஊரு திரும்ப எழாததுக்கு காரணம் வண்டி மாறுற வேலை இடம் மாறினதுதான், இது என் அபிப்ராயம், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

2017-ல தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியுற அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டப்புறம் திரும்பவும் கடை முளைச்சிருக்கு, எங்கன்னா பஸ் திரும்புற இடத்துல. மீன் பொரிச்சுட்டு இருந்த அக்கா கிட்ட ராத்திரி வியாபாரம் உண்டான்னு கேட்டேன், "சாயங்காலம் போலீஸ் எல்லாரையும் அனுப்பிருவாங்க தம்பி, அப்புறம் யாருக்கு பொரிக்க?"ன்னாங்க. பகல்ல ஜேஜேன்னு கூட்டம், ராத்திரி சில மீனவக் குடும்பம் தவிர ஆளில்ல. போறவங்க காலையிலயே ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் பிடிச்சுருங்க, தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க, வர்ற வழியில பாம்பன்ல இறங்கினா 2025-ல திறந்த புது தூக்குப் பாலத்தையும் பார்த்துடலாம், கருவாடும் வாங்கிடலாம்.