நியூ ரிஃப் சிங்கிள் பேரல்: தண்ணீர் விடுவதற்கு முன்னும் பின்னும்

லேபிளில் கிராஃப்ட் போர்பன் (சின்ன ஆலையில் காய்ச்சிய அமெரிக்க மக்காச்சோள விஸ்கி) என்று பார்த்தாலே எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இண்டியானாவில் இருக்கும் பெரிய ஆலையிலிருந்து சரக்கு வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்பவர்கள் ஒரு பக்கம், தாங்களே காய்ச்சினாலும் காத்திருக்கப் பொறுமையில்லாமல் சின்னப் பீப்பாயில் கொஞ்ச காலம் போட்டு, பச்சை மர வாடை போகுமுன்னே எடுத்துவிடுபவர்கள் இன்னொரு பக்கம். நியூ ரிஃப் ஆலை 2014ல் கென்டக்கி மாநிலத்து நியூபோர்ட்டில், சின்சினாட்டிக்கு நேரெதிரே ஒஹையோ ஆற்றின் இக்கரையில் ஆரம்பித்தது. தங்கள் சரக்கு ஊறும்வரை வெளியில் வாங்கியதை ஓ.கே.ஐ. என்ற வேறு பெயரில் விற்றார்கள், சொந்தப் பெயர் போட்ட போர்பன் 2018ல்தான் வந்தது. அந்த நாலு வருடக் காத்திருப்புக்காகவே எனக்கு இவர்கள் மேல் மரியாதை உண்டு.

இவர்களுடைய சிங்கிள் பேரல் ஒரே பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்தது, அதனால் பீப்பாய்க்குப் பீப்பாய் காட்டம் மாறும். என்னிடம் இருப்பது 112 ப்ரூஃப், அதாவது 56 சதவீதம் ஆல்கஹால். தானியக் கலவையில் நூற்றுக்கு மக்காச்சோளம் 65, ரை என்ற தானியம் 30, முளைகட்டிய (மால்ட்) பார்லி 5 என்பது இவர்கள் கணக்கு, ரை இவ்வளவு இருப்பதால் காரம் தூக்கலாகத்தான் இருக்கும்.

ஊற்றியவுடன் மூக்கைக் கிளாசுக்குள் விடாதீர்கள், வெறும் ஆல்கஹால் நெடிதான் ஏறும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, தாடைக்குக் கீழே பிடித்து வாயை லேசாகத் திறந்து மோந்தால் முதலில் வெல்லப்பாகு பதம் தாண்டிக் கருகத் தொடங்கும்போது வரும் அந்த வாசனை, அதற்கப்புறம் கிராம்பு, கடைசியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல். முதல் வாய் சுள்ளென்று பிடிக்கிறது. அது குறையே இல்லை, 56 சதவீதம் சுடத்தான் செய்யும். சூடு இறங்கினபின் வாயில் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் நான் எடை போடுவேன், இதில் வெனிலாவும் மிளகும் நன்றாகவே நிற்கின்றன, நாக்கில் ஒரு எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிறது.

சரி, தண்ணீர். 30 மில்லியில் 5 மில்லி விட்டால் 56 என்பது 48 ஆகிவிடும், அதற்கு மேல் வேண்டாம். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் 2017ல் கணினி மாதிரியில் பார்த்தார்கள்: ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் போனால் குவையக்கால் என்ற புகை மணமுள்ள மூலக்கூறு உள்ளே அமுங்கிவிடுகிறது, 45க்குக் கீழே வந்தால் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. என் கிளாஸ் 48ல்தான் நின்றது என்றாலும், அந்தத் தண்ணீருக்குப் பிறகுதான் புதினா மாதிரி ஒரு பச்சை வாசனையும் செர்ரியும் வெளியே வந்தன, காரம் மட்டுப்பட்டுச் சோளத்தின் இனிப்பு முன்னால் வந்தது. எனக்கு இந்த நிலைதான் பிடித்தது.

விழுங்கினபின் ஓக் துவர்ப்பு தேவைக்கு மேல் நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஈறெல்லாம் வறண்டு போகிறது, அந்த ஒரு விஷயத்தில் மதிப்பெண் குறைப்பேன். அது பிடிக்காதவர்கள் இவர்களுடைய பாட்டில்ட் இன் பாண்ட் (அமெரிக்கச் சட்டப்படி 50 சதவீதத்தில் அடைத்த வகை) வாங்கலாம், விலையும் குறைவு. இரண்டுமே குளிர வைத்து வடிகட்டாதவை, அதனால் ஐஸ் போட்டால் லேசாகக் கலங்கும், கெட்டுப்போய்விட்டதோ என்று கொட்டிவிடாதீர்கள்.