எழுதச் சொல்லிக்கொடுக்க ஒரு பேப்பர்

பிப்ரவரி 10
எம்.ஏ. தமிழுக்குப் புதுசா ஒரு எலெக்டிவ், எழுதக் கற்பிக்கிறது எப்படின்னு, 4 கிரெடிட், சிலபஸ் போடுற வேலை என் தலைல. பாதிப்பேர் பி.எட். முடிச்சு டீச்சராத்தான் போறாங்க, அதனால தேவையான பேப்பர்தான். ஆனா குடுத்த மாடல்ல முதல் யூனிட்டே 'எழுதுதல் திறன்: விளக்கம், நோக்கம், வகைகள்'. இப்படியே அஞ்சு யூனிட்டும் ஓடிரும், ஒருத்தரும் ஒரு பக்கம்கூட சொந்தமா எழுதியிருக்க மாட்டாங்க.

பிப்ரவரி 13
ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன் மழையப் பத்தி எழுதினத ஜெராக்ஸ் போட்டு எங்க பசங்ககிட்ட குடுத்துத் திருத்தச் சொன்னேன். அதுல ஒரு வரி: 'மழ பெஞ்சா எங்க வீட்ல பாத்திரம் பத்தாது.' எல்லாரும் சிவப்பு மையில 'மழை பெய்தால்', 'வீட்டில்', கீழ 'முன்னுரை எங்கே?' பாத்திரம் ஏன் பத்தலன்னு ஒருத்தரும் கேக்கல. கூரை ஒழுகுதுங்க, அத கூரைன்னு சொல்லாமலே சொல்லிட்டான் அவன், நம்ம ஆளுங்க ஒற்றுப்பிழை தேடிட்டு இருக்காங்க.

பிப்ரவரி 18
மினா ஷானெஸி எழுதினதப் படிச்சிட்டு இருக்கேன், அமெரிக்காவுல காலேஜ் பசங்களுக்கு எழுதக் கத்துக்குடுத்த டீச்சர். 1970ல நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டி ஹைஸ்கூல் முடிச்ச எல்லாருக்கும் கதவத் தொறந்துவிட, வந்த பசங்க எழுதினதப் பாத்து வாத்தியாருங்க அரண்டுபோயிட்டாங்க. அங்க இருந்த ஷானெஸி சுமார் 4000 கட்டுரையப் படிச்சு, தப்புலயும் ஒரு கணக்கு இருக்குன்னு 1977ல புஸ்தகமாவே போட்டாங்க. 'பெஞ்சா'வும் அப்படித்தானே, காதுல விழுறத எழுதுறான், அலட்சியம்னு எப்படிச் சொல்றது. ரெண்டாவது யூனிட் முடிவாயிருச்சு, திருத்துறதுக்கு முன்னாடி படிக்கிறது. முதல் யூனிட் முழுக்க அவங்களே எழுதுறது, அடிக்கிறது, திரும்ப எழுதுறது.

மார்ச் 6
சிலபஸ முடிவு பண்ற போர்டு மீட்டிங். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அந்த 75ஐயும் போர்ட்ஃபோலியோவுக்குக் கேட்டேன், முதல் டிராஃப்ட், கூடப் படிக்கிறவங்க கமென்ட், மாத்தி எழுதினதுன்னு எல்லாம் சேத்து. 'ரீவேல்யுவேஷன் கேட்டா என்னம்மா பண்ணுவீங்க?'ன்னாரு வெளியிலேர்ந்து வந்த மெம்பர். நியாயமான கேள்விதான், பதில் இல்ல. கடைசில போர்ட்ஃபோலியோ இன்டர்னலுக்குப் போச்சு, எழுத்துத் தேர்வுல பார்ட் சி மட்டும் கிடைச்சுது: ஒரு ஸ்கூல் பிள்ளையோட கட்டுரைய அப்படியே அச்சடிச்சுத் தருவோம், அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதணும். அதுக்கு ஆன்ஸர் கீ வேணுமாம், வெள்ளிக்கிழமைக்குள்ள. ஒரு பிள்ளைக்கு எழுதுற பதிலுக்கு ஆன்ஸர் கீ எப்படிங்க போடுவாங்க?