ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள்: இத்தாலிய டிஸ்க் நாட்குறிப்பு

மார்ச் 2

படத்தைத் தேடுவதற்கு முன் பிளேயரை முடிவு செய்துவிட வேண்டும். டிஸ்க்குக்கும் பிளேயருக்கும் எந்த நாடுகளுக்கு உரியது என்ற ரீஜியன் பூட்டு உண்டு; இரண்டும் பொருந்தாவிட்டால் படம் ஓடாது. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, இத்தாலியும் பிரிட்டனும் பி, இந்தியா சி. டிவிடியில் அதே வரிசை 1, 2, 5. இத்தாலியப் பழைய படங்களின் நல்ல பதிப்புகள் பெரும்பாலும் ஏ-யிலோ பி-யிலோதான் கிடைக்கின்றன. ஆகவே இந்தியாவில் வாங்கிய பிளேயர் அப்படியே போதாது.

பல டிவிடி பிளேயர்களின் பூட்டை ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே திறந்துவிடலாம். ப்ளூ-ரே பூட்டு அவ்வளவு எளிதில் மசியாது. உள்ளே சிப் மாற்றிய பிளேயர் வேண்டும், அல்லது ஏ-க்கு ஒன்று பி-க்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழிதான் நிம்மதி. கணினியின் டிவிடி டிரைவில் ரீஜியனை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதில் எது இருக்கிறதோ அதுவே நிலைத்துவிடும்.

4கே டிஸ்க்குக்கு ரீஜியன் கிடையாது. ஆனால் அதே பெட்டியில் வரும் ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம். கூடுதல் பேட்டிகள், ஆவணப்படங்கள் எல்லாம் அந்த இரண்டாவது டிஸ்க்கில்தான் இருக்கும் என்பது வாங்கிய பிறகே பலருக்கு உறைக்கிறது.

மார்ச் 5

உறையில் "167 நிமிடம்" என்று பார்த்தவுடன் ஃபெலினியின் 'லா தோல்ச்சே வீத்தா'வில் ஏழு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். படம் நொடிக்கு 24 சட்டகம். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) டிவிடி நொடிக்கு 25 சட்டகம் காட்டுகிறது. கூடுதலாக எதையும் சேர்ப்பதில்லை, படத்தையே சற்று வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். உண்மையான நேரத்தை 0.96-ஆல் பெருக்கினால் பால் நேரம் வந்துவிடும்: 174 நிமிடம் 167 ஆகிறது, 'சைக்கிள் திருடர்கள்' 89-லிருந்து 85 ஆகிறது. கணக்குக்குப் பொருந்தாத குறைவு இருந்தால்தான் கத்திரியைச் சந்தேகிக்க வேண்டும்.

நேரத்தோடு சுருதியும் ஏறுகிறது, ஓர் அரைச் சுரத்துக்கு (செமிடோன்) சற்றுக் குறைவாக. வசனத்தில் அது தெரியாது; நீனோ ரோத்தாவின் இசையை இசைத்தட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே தெரியும். சில நிறுவனங்கள் வேகத்தைக் கூட்டிவிட்டுச் சுருதியை மட்டும் பழைய இடத்துக்கு இறக்கியிருப்பார்கள். அதனால் நேரத்தை வைத்துச் சுருதியை முடிவு செய்யக்கூடாது.

மார்ச் 6

நேற்றையதற்கு ஒரு சேர்க்கை. பால் டிவிடியைக் கணினியில் பார்ப்பவர்கள் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக்கலாம். ஆனால் அதன் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்தாலும் சுருதியை ஏறிய இடத்திலேயே பிடித்து வைக்கும். அதை அணைத்தால்தான் குரல் இறங்கும். ஒலியைத் தனியே எடுத்துத் திருத்துபவர்கள் 48,000 மாதிரி வீதத்தை 46,080 என்று வாசிக்கவைத்து, பிறகு மறுபடி 48,000-க்கு மாற்றினால் வேகம், சுருதி இரண்டும் சேர்ந்தே சரியாகும். ப்ளூ-ரேயில் படம் பெரும்பாலும் 24 சட்டகத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மார்ச் 11

விஸ்கோன்தியின் 'இல் கத்தோபார்தோ' (1963). ஒரே படத்தைப் பல முறை வாங்குவது பைத்தியக்காரத்தனம் அல்ல என்று வீட்டில் இருப்பவர்களுக்கு நிரூபிக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இத்தாலியப் பதிப்பு 185 நிமிடம். அமெரிக்காவில் வெளியான ஆங்கில டப்பிங் பதிப்பு 161. இயக்குநர் அதைத் தன் படமாகவே ஏற்கவில்லை. உறையில் 178 என்று இருந்தால் அது பால் வேகத்தில் ஓடும் முழுப் படம், பயமில்லை. 161 அல்லது பாலில் 155 என்றால் குறுகிய பதிப்பு. கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனத்தின் வெளியீட்டில் இரண்டும் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

இது சூப்பர் டெக்னிராமா 70 என்ற பெயரில் வந்த படம். கேமராவில் 35 மிமீ பிலிம் மேலிருந்து கீழாக ஓடாமல் பக்கவாட்டில் ஓடும். ஒரு சட்டகத்துக்கு பிலிம் ஓரத்தில் நான்குக்குப் பதில் எட்டுத் துளை. நெகட்டிவின் பரப்பு அவ்வளவு பெரிது என்பதால் கடைசி விருந்துக் காட்சியில் சுவர்த் துணியின் நெசவு வரை விவரம் இருக்கிறது. 2010-இல் பொலோன்யா சினெத்தெக்கா என்ற திரைப்படக் காப்பகம், பழைய படங்களை மீட்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷன் முதலியோர் சேர்ந்து மீட்டெடுத்த பிரதி அந்த ஆண்டு கான் விழாவில் திரையிடப்பட்டது. அதற்கு முந்தைய டிவிடி மட்டும் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ள நியாயம் உண்டு. இந்தப் படத்தை டிவிடியில் பார்ப்பது காஞ்சிப் பட்டைக் கண்ணாடித்தாள் வழியாகத் தடவிப் பார்ப்பது மாதிரி.

மார்ச் 12

"மூல மொழி எது?" என்ற கேள்விக்கு இத்தாலியப் படங்களில் நேரான பதில் இல்லை. அந்தக் காலத்தில் வசனத்தைப் படப்பிடிப்புக்குப் பிறகு ஒலிக்கூடத்தில்தான் பதிவார்கள். நடிகர்கள் அவரவர் மொழியில் வாயசைத்திருப்பார்கள். 'கத்தோபார்தோ'வின் இத்தாலிய ஒலியில் பர்ட் லங்காஸ்டரின் குரல் வேறொருவருடையது. ஆங்கிலப் பதிப்பில் அவருடைய சொந்தக் குரல். 'லா ஸ்த்ராதா'வில் ஆண்டனி குவின் கதையும் இதேதான். உதடும் ஒலியும் ஒட்டவில்லை என்று டிஸ்க்கைத் திருப்பி அனுப்பாதீர்கள், குறை டிஸ்க்கில் இல்லை. ஒலி முழுக்க ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் மட்டுமே அது பிழை. அதைச் சோதிக்க உதட்டைப் பார்க்கக்கூடாது. கதவு சாத்துவது, கன்னத்தில் அறைவது போன்ற இடங்களைப் பாருங்கள்.

மார்ச் 17

தாரியோ அர்ஜெந்தோவின் 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ' (1975). இத்தாலியப் பதிப்பு சுமார் 127 நிமிடம், ஏற்றுமதிப் பதிப்பு சுமார் 105. வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி டேவிட் ஹெம்மிங்ஸும் தாரியா நிக்கொலோதியும் வரும் நையாண்டிக் காட்சிகள். அவற்றுக்கு ஆங்கில ஒலி இல்லாததால், நீண்ட பதிப்பை ஆங்கிலத்தில் ஓட்டினால் பேச்சு நடுவிலேயே இத்தாலிய மொழிக்குத் தாவும்.

இதற்காக நல்ல டிஸ்க்கில் இரண்டு சப்டைட்டில் தடங்கள் இருக்கும்: இத்தாலிய ஒலிக்கு முழு மொழிபெயர்ப்பு ஒன்று, ஆங்கில ஒலியில் இத்தாலிய மொழி வரும் இடங்களுக்கு மட்டும் இன்னொன்று. தடம் மாறிப்போனால் ஒன்று எல்லா வசனமும் எழுத்தாக வந்து எரிச்சலூட்டும், அல்லது தேவையான இடத்தில் ஒன்றுமே வராது.

மலிவுப் பதிப்புகளின் குற்றம் வேறு. இத்தாலிய ஒலி ஓடும்போது கீழே ஆங்கில டப்பிங்கின் வசனத்தை அப்படியே எழுதி ஓட்டுவார்கள். சேகரிப்பவர்கள் இதை டப்டைட்டில் என்பார்கள். பாத்திரம் ஒரு சொல் பேசி முடித்த பிறகும் இரண்டு வரி எழுத்து நின்றால் அதுதான். வாயசைவை நிரப்ப டப்பிங்கில் சேர்த்த சொற்கள் அவை.

மார்ச் 23

இத்தாலியிலிருந்து பழைய டிஸ்க் வாங்குபவர்கள் சில சொற்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். 'துராத்தா' ஓடும் நேரம். 'வெர்சியோனே இந்தெக்ராலே' வெட்டில்லாத பதிப்பு (நேரத்தோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம்). 'எக்ஸ் நோலெஜ்ஜோ' வாடகைக் கடையிலிருந்து கழித்த பிரதி. கீறல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். 'எதித்தோரியாலே' என்றால் நாளிதழோடு அல்லது வார இதழோடு பத்திரிகைக் கடையில் விற்றது. விலை குறைவு, பெரும்பாலும் அட்டை உறை, கூடுதல் அம்சங்கள் சொற்பம். படம் மட்டும் போதும் என்பவர்களுக்கு மோசமில்லை.

'சொத்தோத்தீத்தொலி' சப்டைட்டில். பக்கத்தில் 'நோன் உதென்தி' என்று மட்டும் இருந்தால் அது காது கேளாதோருக்கான இத்தாலிய எழுத்து. 'இங்லேஸே' என்ற சொல் சப்டைட்டில் வரிசையில் இருக்கிறதா, ஒலி வரிசையில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். விற்பவரின் விவரத்தை நம்பாமல் பின் அட்டையின் படம் கேட்டு வாங்குவது உத்தமம்.

பெட்டியில் வெள்ளிநிற சியாயே (இத்தாலியப் படைப்பாளர் உரிமைச் சங்கம்) ஒட்டுவில்லை இல்லை என்பதாலேயே அதைத் திருட்டுப் பிரதி என்று முடிவு கட்ட முடியாது. அந்த வில்லைக் கட்டாயத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்கவில்லை என்பதால் தனிநபர்மேல் அதை ஏவ முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது.

மார்ச் 30

செர்ஜியோ லியோனே வகையறா. இவற்றை எடுத்த டெக்னிஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் ஒரு சட்டகத்துக்கு இரண்டே துளை. பிலிம் செலவு பாதி, நெகட்டிவ் பரப்பும் பாதி. ஆகவே மணல்மணலாகத் தெரிவதுதான் இயல்பு. அதைக் கணினியில் வழித்துவிட்டால் முகம் மெழுகாகும். தாடி மயிரையும் கம்பளித் துணியையும் பாருங்கள்: மயிர் தனித்தனியாக நின்றால் சரி, ஒரே பூச்சாக இருந்தால் விலகிவிடுங்கள்.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' 2014-இல் மஞ்சளாக வந்ததும், 2017-இல் வேறு பதிப்பில் நிறம் திருத்தப்பட்டதும் இந்த வட்டத்தில் பழங்கதை. நிறம் சரியா என்று பார்க்கத் தோலைப் பார்க்காதீர்கள். மேகம், வெள்ளைச் சட்டை, இரவுக் காட்சியின் கருப்பு, இந்த மூன்றும் போதும். 2003-இல் வந்த நீண்ட பதிப்பில் ஆங்கிலம் இல்லாத காட்சிகளுக்கு நடிகர்கள் ஈஸ்ட்வுட்டும் எலை வாலக்கும் முதுமையில் புதிதாகக் குரல் கொடுத்தார்கள். குரல் திடீரென்று மூப்படைவதற்குக் காரணம் அதுதான். எனக்கு அந்தப் பதிப்பு வேண்டாம்.

ஏப்ரல் 6

பழைய டிவிடி வந்தவுடன் முதல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திருப்தி அடைவது தவறு. டிவிடி என்பது 0.6 மிமீ தகடுகள் இரண்டைப் பசையால் ஒட்டியது. பசை விட்டு ஈரம் நுழைந்தால் அலுமினியப் பூச்சு பெரும்பாலும் வெளி விளிம்பிலிருந்து கெடுகிறது. தரவு உள்ளிருந்து வெளியே செல்வதால் ஒரடுக்கு டிஸ்க்கில் கெடுதல் படத்தின் முடிவில் தெரியும். ஈரடுக்கு டிஸ்க்கிலோ முதல் அடுக்கு வெளியே போய், இரண்டாவது அடுக்கு அங்கிருந்து உள்ளே திரும்புகிறது. அதனால் படத்தின் நடுவில்தான் உறையும். விளிம்பில் பட்ட விரல் ரேகையும் இதே அறிகுறியைக் காட்டும். முதலில் மென்துணியால் மையத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைத்துவிட்டு, அடுக்கு மாறும் இடத்துக்கு முன்னும் பின்னும் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஒளி தெரிந்தால் விற்பவருக்கு அன்றைக்கே எழுத வேண்டும். கணினியில் முழு டிஸ்க்கையும் நகலெடுத்துப் பார்ப்பதே முழுமையான சோதனை, நகலெடுக்கும் வேகம் எங்கே சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு.