ஓ.டி. கையெழுத்து

தமிழ் மன்றம், போட்டோகிராபி கிளப், நாட்டு நலப்பணித் திட்டம் மூன்றுக்கும் இந்த வருடம் நான்தான் ஸ்டாஃப் இன்சார்ஜ். முதலிரண்டில் நிகழ்ச்சி வேலையாக வகுப்புக்கு வராத மாணவர்களின் ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய வேலை. மூன்றாவதில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரச் சேவைக் கணக்கு, அப்புறம் 7 நாள் முகாம்.

நேற்று மன்றச் செயலாளர் வந்தாள். "சார், ஸ்பான்சர் கைவிரிச்சுட்டாங்க. அழைப்பிதழுக்கு அட்வான்ஸ் வேற கொடுத்தாச்சு." பில் கேட்டேன். வாங்கவில்லையாம். திருவல்லிக்கேணி அச்சகத்துக்கே திருப்பி அனுப்பினேன். முகம் சுருங்கிவிட்டது. நானே போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கணக்கு ஒப்படைக்கப் போவது அவள்தானே.

சாயங்காலம் பில்லோடு வந்தாள். பின்பக்கம் பென்சிலில் ஆட்டோ செலவும் எழுதியிருந்தது. அதற்கும் பில் கேட்க மனசு வரவில்லை.