இரண்டே விரல்கள்
நேற்றிரவு மழைக்குத் துணையாக ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்டின் இசை. ஐரோப்பாவின் ரோமா (ஜிப்சி) மக்களின் மனூஷ் பிரிவில், 1910இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். 1928இல் குடியிருந்த வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிப் போயின. மிஞ்சிய இரண்டு விரல்களில்தான் அந்த ஓட்டமெல்லாம்!

1934இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் பாரிஸில் அமைந்த அவருடைய ஜாஸ் குழுவில் டிரம்ஸ் கிடையாது. பக்கத்துக் கிதார்களே தாளத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும், குறையே தெரியாது.

பின்னாளில் தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்து, கிதாரையே விட்டுவிட இருந்த டோனி அயோமிக்கு ஒருவர் போட்டுக் காட்டியது ஜாங்கோவின் இசைத்தட்டைத்தான். அயோமியின் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சப்பாத் பிறந்தது அதற்குப் பிறகு. ஹெவி மெட்டல் என்ற அந்த அதிரும் ராக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் என் அண்ணனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.